வீட்டுக்கு வந்த ஏழாம் வகுப்பு

கல்வி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் எழுவது பாடசாலைக் கட்டடமே. மணியோசையும், வரிசையாக இட்ட வாங்குகளும், கரும்பலகையும், இடாப்பைக் கையிலேந்திய ஆசிரியருமாகவே கல்வியை நாம் அறிந்து வந்திருக்கிறோம். 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி இலவசக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, அந்தக் கட்டடத்தின் வாயில் ஏழைக்கும் திறந்தது. கன்னங்கராவின் பெயரை ஆசிரிய உலகம் இன்றும் நன்றியோடு நினைப்பது அதனாலேயே. ஆயினும், வாயில் திறந்திருந்தும் அதுவரை நடந்து செல்ல இயலாத பிள்ளையின் கதி யாது? நோயினாலோ, விபத்தினாலோ, குடும்பத்தின் இடப்பெயர்வினாலோ ஓராண்டு வீட்டோடு தங்கிவிடும் பிள்ளைக்கு, கையில் காசில்லாத பெற்றோர் எவ்வாறு கல்வியூட்டுவது? இக்கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலை எனக்கு 2023ஆம் ஆண்டிலே நேர்ந்தது. அத்தேட்டத்திற் கண்டவற்றை ஆசிரிய அன்பர்களோடும் மாணவரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடமராட்சியில் எங்கள் ஒழுங்கையில் வாழும் ஒரு குடும்பம். தந்தை மேசன் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவர். மூத்த மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு எலும்பில் நோய் கண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்கு மேலாகப் படியேறலும் பேருந்துப் பயணமும் ஆகா என்று வைத்தியர் கூறிவிட்டார். பாடசாலையோ ஐந்து கிலோமீற்றர் தொலைவில். அவள் வகுப்போ இரண்டாம் மாடியில். தந்தையார் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, “காலைப் பார்த்தால் படிப்புப் போகுது, மாஸ்ரர், படிப்பைப் பார்த்தால் கால் போகுது” என்றார். அதைவிடச் சுருக்கமாக அந்த இடர்ப்பாட்டை எவராலும் சொல்லியிருக்க முடியாது.

பரீட்சை இல்லாத நான்காண்டுகள்

ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள பருவத்தைக் கனிட்ட இடைநிலை என்று கல்வித்துறையினர் கூறுவர். ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசில் பரீட்சை. பதினோராந் தரத்திலே கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சை. இவ்விரண்டு மலைகளுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தாக்கு இந்த நான்காண்டுகள். இங்கே பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. ஆகவே பெற்றோரின் கவனமும் இங்கே சற்றுத் தளர்ந்துவிடுகிறது.

ஆனால் பிள்ளையின் அறிவு வாழ்க்கையிலே மிகப் பெரிய மாற்றம் நிகழ்வது இப்பருவத்திலேதான். எண்ணோடு பழகியவள் எழுத்தைக் கொண்டு கணக்குச் செய்யப் புகுகிறாள், அட்சரகணிதம் தொடங்குகிறது. சைபருக்குக் கீழும் எண்கள் உண்டென்று அறிகிறாள். சுற்றாடற் கல்வியாக ஒன்றாய் இருந்தது விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல் எனப் பிரிகிறது. ஒரே ஆசிரியரின் அரவணைப்பு மாறிப் பாடத்துக்கொரு ஆசிரியர் வருகிறார். இங்கே ஓராண்டு நழுவினால், அந்த நழுவல் உடனே தெரிவதில்லை. பத்தாந் தரத்திலே, கணிதத்திலும் ஆங்கிலத்திலும் கால் ஊன்ற இடமின்றித் தடுமாறும்போதுதான் வெளிப்படுகிறது. வகுப்பறையில் நான் கண்ட ‘மக்குப் பிள்ளைகள்’ பலர், உண்மையில் ஏதோவொரு வருடத்தைத் தொலைத்துவிட்ட பிள்ளைகளே.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பொதுப் பரீட்சை இல்லாமையால், பிள்ளை தன் வேகத்திலே கற்பதற்கு இப்பருவத்தைப் போல் வாய்ப்பான காலம் வேறில்லை. வீட்டிலே கற்க வேண்டிய கட்டாயம் ஒரு பிள்ளைக்கு வருமாயின், அது வரத்தக்க காலம் இதுவே எனலாம்.

விலை பேசிய காலம்

முதலிலே பெற்றோர் விலை விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான்கு பாடங்கள் கற்பிப்பதற்கு ஒருவர் மாதம் 25,000 ரூபா கேட்டார். தனியார் கல்வி நிலையமொன்று, காணொளி மூலம் வகுப்பு நடத்துவதாகவும் வருடக் கட்டணத்தை முற்பணமாகச் செலுத்த வேண்டுமென்றும் கூறியது. வெளிநாட்டுப் பாடத்திட்டம், ஆங்கில மொழிமூலம், சான்றிதழ் என்றெல்லாம் அலங்காரமாகப் பேசிய தரகர் ஒருவர் சொன்ன தொகையை இங்கே எழுதவும் கூசுகிறது. வேலை உள்ள நாளில் 3,000 ரூபா கூலி பெறும் மனிதர் அவர். மழைக்காலத்திலே அந்த வேலையும் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கொப்பியும் பேனையும் வாங்குவதே பல வீடுகளிற் பாரமாகிவிட்டதை ஆசிரியர்கள் அறிவர்.

அப்போது நான் அவர்களுக்குக் கூறியது இதுதான்: “படிப்பிக்கத் தேவையான பொருள் பாதிக்கு மேல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மீதியை ஊரிலே தேடுவோம்.”

முதற் காரியமாக நான் செய்யச் சொன்னது, பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து வெட்டப்படாமற் காப்பது. இதனை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை பாடசாலை வரவு கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகையால், வீட்டோடு இருக்கும் பிள்ளை பாடசாலையோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்வது சட்டத்துக்கும் பொருந்தாது, நன்மைக்கும் பொருந்தாது. வைத்திய அத்தாட்சியோடு தந்தையார் அதிபரைக் கண்டார். அதிபர் நல்ல உள்ளம் படைத்தவர். பெயரை வைத்திருக்கவும், தவணைப் பரீட்சை வினாத்தாள்களை வீட்டுக்கு அனுப்பவும் இசைந்தார். அந்த ஒரு கடிதத்துக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. ஆனால் பிற்காலத்தில் அதன் பயனை எப்பணத்தாலும் வாங்கியிருக்க முடியாது.

இரண்டாவது, புத்தகம். 1980 முதல் இந்நாட்டு மாணவர் இலவசமாகப் பாடநூல் பெற்று வருகின்றனர். அந்த நூல்கள் அவளிடம் முன்னமே இருந்தன. அவற்றை எவ்வாறு கற்பிப்பது என்பதைக் கூறும் ஆசிரியர் வழிகாட்டிகளை மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் தன் இணையத்தளத்திலே வைத்திருக்கிறது. எவரும் பணமின்றிப் பெறலாம். பெற்றோரிற் பெரும்பாலோர் இதனை அறியார். எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, எதனை முதலிற் சொல்வது, எந்தச் செய்கையைச் செய்விப்பது, எவ்வாறு கணிப்பது என்பனவெல்லாம் அதிலே உள. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ என்னும் தளத்திலே பாடங்களும் பயிற்சிகளும் மும்மொழியிலும் கிடைக்கின்றன. 2020இல் கொள்ளைநோய் பரவி நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்ட வேளையில், நேத்ரா தொலைக்காட்சியிலே தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பானதையும் வாசகர் மறந்திரார். வாசிப்புக்கோ, 2005இலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் உள. கைப்பேசியில் இணையத்துக்குச் செலவாகும் பணத்தைச் சுருக்குவதற்காக, வேண்டியவற்றை அயல்வீட்டு இணைப்பில் வாரமொருமுறை இறக்கி வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, கால அட்டவணை. பாடசாலையிலே ஒரு நாள் முழுவதும் கழிகிறதே என்று எண்ணிப் பெற்றோர் அஞ்சுவர். நாற்பது பிள்ளைகளை அமைதிப்படுத்துவதிலும், இடாப்பு வாசிப்பதிலும், கொப்பி திருத்துவதிலும் போகும் நேரத்தை நாம் ஆசிரியர்கள் அறிவோம். ஒரு பிள்ளையை எதிரே இருத்திக் கற்பித்தால் நாளுக்கு மூன்று மணி நேரம் போதும். காலையில் ஒன்றரை மணி. மாலையில் ஒன்றரை மணி. காலையிலே கணிதமும் விஞ்ஞானமும். மாலையிலே மொழிகளும் சமூகக் கல்வி சார்ந்தவையும். எத்தகைய வலி இருந்த நாளிலும் பத்து நிமிட வாசிப்பை மட்டும் விடுவதில்லை என்பது விதி.

மேசனும் தையற்காரியும் ஆசிரியராதல்

நான்காவதும் மிகக் கடினமானதும் ஆள் தேடுவது. தாயார், “நான் பத்தாம் வகுப்போடை நிண்டனான், மாஸ்ரர். எனக்கு என்ன தெரியும்?” என்றார். தந்தையோ தமக்கு எழுத்தே சரியாக வராது என்றார். ஆனால், அளவை நாடாவை வைத்துச் சட்டைத் துணி வெட்டும் தாய்க்குச் சுற்றளவும் பரப்பளவும் பின்னமும் தெரியாதா? ஒரு பாவாடைக்கு எத்தனை மீற்றர் துணி, எவ்வளவு மிச்சம், அதன் விலை என்ன என்று அவர் கேட்க, மகள் கணக்கிட்டாள். கணிதப் புத்தகத்திலே உயிரின்றிக் கிடந்த பின்னங்கள் துணியிலே உயிர் பெற்றன.

தந்தையார் கற்பித்த பாடம் அதனினும் சிறந்தது. பூச்சுக் கலவையிலே சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு; பன்னிரண்டு வாளிக் கலவைக்கு எவ்வெவ்வளவு போடுவது என்று அவர் கேட்டபோது விகிதம் என்னும் பாடம் அரை மணியில் முடிந்தது. அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும்போது மூலை சரியாக விழுந்ததோ என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று அவர் பார்ப்பது வழக்கம். அதனை முற்றத்திலே நான்கு முளையடித்துக் காட்டினார். பைதகரசு என்னும் கிரேக்க அறிஞரின் பெயரால் வழங்கும் தேற்றம் அதுவே என்று நான் சொன்னதும் மகளினும் அதிகமாக வியந்தவர் அவரே. எழுத்து வராதென்று நாணிய மனிதர் அன்றுதொட்டு மாலைதோறும் அவளுக்கு ஒரு கணக்குக் கொண்டு வந்தார்.

விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. செவ்வரத்தம்பூவின் இதழைக் கொதிநீரிலிட்டுப் பெற்ற சாற்றிலே தேசிக்காய்ப் புளி விட்டால் அது சிவக்கும்; சவர்க்கார நீர் விட்டால் பச்சை படரும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை ஆலத்தி நீரிலே எல்லோரும் கண்டிருக்கிறோம். அமிலமும் மூலமும் என்ற பாடம் அடுப்படியிலே நிறைவேறியது. கரும்பலகையோ, பலகைத் துண்டொன்றிலே தந்தையார் கறுப்பு நிறம் பூசியது.

ஆங்கிலத்துக்கு ஒரு பல்கலைக்கழக மாணவி சனிக்கிழமைகளில் வந்தாள். அதற்கீடாகத் தாயார் அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். கணிதத்தில் எஞ்சியதை நான் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தோறும் வகுப்புத் தோழி ஒருத்தி அவ்வாரக் குறிப்புகளைக் கொண்டு வந்தாள். கொப்பி, சுண்ணக்கட்டி, படப்பிரதி, இணையம் யாவும் சேர்ந்து மாதச் செலவு 2,000 ரூபாவைத் தாண்டவில்லை.

மணலிற் பிறந்த முறை

செலவு குறைந்த கல்விக்கு நம்மவர் புதியவரல்லர். 1789இலே சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்தவர் அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். கற்பிக்க ஆளின்றியும் பொருளின்றியும் அவர் இடர்ப்பட்டார். உள்ளூர்ப் பள்ளியொன்றிலே சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். பெரியவர்கள் அதனை ஏற்க மறுக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறியோருக்கு ஆசிரியனாக்கினார். பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் அம்முறையைப் பற்றி 1797இல் அவர் இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து சென்ற கதை இது.

அந்த முறையை நாமும் கையாண்டோம். நான்காந் தரத்திற் படிக்கும் தம்பிக்கு அக்காள் நாள்தோறும் அரைமணி நேரம் கற்பித்தாள். கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு உறுதிப்பட்டது.

வீட்டுக் கல்வியின் உச்சத்தையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை ஜோன் ஸ்ருவட் மில் என்னும் ஆங்கிலப் பேரறிஞருடையது. 1806இலே பிறந்த அவர் பாடசாலை வாசலை மிதித்ததில்லை. தந்தையார் ஜேம்ஸ் மில், இந்திய வரலாற்றைத் தாம் எழுதிக்கொண்டிருந்த அதே மேசையிலே மகனை இருத்திக் கிரேக்கம் கற்பித்தார். மூன்று வயதிலே கிரேக்கம், எட்டு வயதிலே இலத்தீன். மகன் தான் கற்ற இலத்தீனைத் தங்கைக்குக் கற்பிக்க வேண்டும். காலை உலாவின்போது முதல்நாள் வாசித்ததைத் தந்தைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஏழைக் குடும்பமும் கைக்கொள்ளத்தக்க முறைகள் இவை. ஆனால் மகன் கெட்டுவிடுவான் என்றஞ்சிய தந்தை ஏனைய சிறுவரோடு அவரைப் பழகவிடவில்லை. இருபதாம் வயதிலே, 1826இல், மில்லின் மனம் சோர்ந்து வரண்டது; எதிலும் பற்றின்றி மாதக்கணக்கில் வாடினார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் பின்னர் அவருக்கு ஆறுதலளித்தன. 1873இலே வெளிவந்த தம் சுயசரிதையிலே இவற்றை அவரே எழுதியிருக்கிறார்.

வீடு தர இயலாதது

மில்லின் கதையை நான் நினைவில் வைத்திருந்தமைக்குக் காரணம் உண்டு. எங்கள் மாணவியின் கணிதம் வளர்ந்தது, வாசிப்பு வளர்ந்தது. ஆனால் அவள் பேச்சுக் குறைந்தது. சண்டையிட ஒரு தோழி, போட்டியிட ஒரு கூட்டம், ஒளித்துச் சிரிக்க ஒரு பின்வாங்கு, இவையெல்லாம் வீட்டிலே கிடைப்பனவல்ல. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒழுங்கைப் பிள்ளைகள் நால்வரை விறாந்தைக்கு அழைத்தோம். ஒருவர் கதை வாசிக்க, மற்றவர் கேள்வி கேட்க, முடிவிலே சண்டையும் சிரிப்புமாக அது கலையும். கல்வித் திட்டத்திலே அதற்குப் பெயரில்லை. எனினும் அந்த வாரத்திலே அவள் எதிர்பார்த்திருந்த பாடம் அதுவே.

பதினான்கு மாதங்களின் பின் ஊன்றுகோலோடு அவள் பாடசாலைக்குத் திரும்பினாள்; தன் பழைய தோழியரோடு அதே வகுப்பிலே அமர்ந்தாள். அதிபர் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். கணிதத்திலே முன்வரிசை, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கல். சிங்களம் கற்பிக்க எங்கள் ஒழுங்கையிலே ஆளில்லை. உடற்பயிற்சியும் சங்கீதமும் அறவே விடுபட்டன. வீட்டுக் கல்வியின் ஐந்தொகையிலே இவற்றையும் எழுதியே ஆகவேண்டும்.

உலகின் பல பகுதிகளிலே பெற்றோர் விரும்பியே பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கின்றனர். இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பாடசாலைக்கு அனுப்பியோ வேறு வகையிலோ பிள்ளைக்குக் கல்வியூட்டுவது பெற்றோர் கடமை என்று கூறியது. ‘வேறு வகை’ என்ற அந்தச் சிறு தொடரே அங்கு வீட்டுக் கல்விக்கு இடமளித்தது. அமெரிக்காவிலே 1993 அளவில் ஐம்பது மாநிலங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. ஜேர்மனியோ பாடசாலை வரவையே வலியுறுத்துகிறது. இத்தருக்கத்திலே புகுவது என் நோக்கமன்று. விரும்பித் தெரிவோருக்கு நேரமும் பொருளும் உண்டு. நான் பேசுவது, விருப்பமின்றியே வீட்டில் அடைபட்ட ஏழைப் பிள்ளைக்காக. அவளுக்கு வீட்டுக் கல்வி குடியிருக்கும் மாளிகையன்று. மீண்டும் பாடசாலைக்குக் கடந்து செல்லும் பாலம்.

அந்தப் பாலத்தைக் கட்டும் பொறுப்பு ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் விழலாகாது. ஒவ்வொரு சனசமூக நிலைய வாசிகசாலையும் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையான பாடநூல்களில் ஒரு தொகுதியையும், ஆசிரியர் வழிகாட்டிகளின் பிரதிகளையும் வைத்திருக்கலாம். இளைப்பாறிய ஆசிரியர் இல்லாத கிராமம் நம் நாட்டிலே அரிது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தருவதற்கு அவர்கள் இசைவர், கேட்பார் வேண்டும். வகுப்பாசிரியர், இடாப்பிலே தொடர்ந்து வரவில்லை என்று குறிக்கப்பட்ட பெயரைக் கண்டவுடன் அந்த வீட்டுக்கு ஒரு முறை சென்று வரலாம். மாணவர்கள், வராத தோழனுக்காகக் குறிப்பு எழுதும்போது தாளின் கீழ் ஒரு கரிப்பிரதி எடுத்து வைக்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. 1945இலே இந்நாடு பாடசாலையின் கட்டணத்தை நீக்கியது. நடக்க முடியாத பிள்ளைக்கும் பாடசாலைக்கும் இடையே உள்ள ஐந்து கிலோமீற்றரை நீக்கும் பணி, அயலவராகிய நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.